சாரல் காற்றும் நாற்பத்தொரு குஞ்சுகளும்

ஜூன் 2, திங்கள்

ஓய்வுபெற்று முப்பத்து மூன்றாம் நாள். துணை தாசில்தாராக இருந்தவனுக்குப் பிரிவு உபசாரத்தில் ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் இந்த டைரியும் கொடுத்தார்கள். டைரியில் முதல் ஐந்து மாதம் வீண். இன்றுமுதல் எழுதத் தொடங்குகிறேன்.

காரணம் உண்டு. நேற்று வண்ணமீன் வளர்ப்போர் சங்கத்துக் கூட்டம். நான் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. செயலாளர் மீரான், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மீன் கடை வைத்திருப்பவர். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "முத்துக் குராமிய நம்ம தென்காசில இதுவரைக்கும் ஒருத்தரும் வீட்டுல குஞ்சு எடுத்து ஆளாக்குனதில்ல. முட்டை போடும், பொரிக்கும், ஒரு மாசத்துல எல்லாம் செத்துப் போவும்."

"நான் செய்து காட்டுகிறேன்" என்று எழுந்து சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

இன்று காலையே ஒரு ஜோடி வாங்கி வந்துவிட்டேன். உள்ளங்கை நீளம். பழுப்பு உடம்பெங்கும் யாரோ முத்தை இழைத்துத் தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். ஆணுக்குக் கழுத்தடி ஆரஞ்சு நிறம். இந்தச் சாதி மீனுக்குத் தண்ணீரில் இருக்கும் காற்று போதாது. மேலே வந்து நம்மைப் போல மூச்சு இழுத்துக்கொள்ளும். முட்டைக்கு எச்சிலும் காற்றும் கலந்து நுரையில் கூடு கட்டும். கட்டுவதும் காப்பதும் ஆண்தான். இதை உலகுவிடம் விளக்கிச் சொன்னேன்.

உலகு என் மனைவி. முழுப்பெயர் உலகம்மாள். ஹாலில் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்பள கூடு கட்டுமா?" என்றாள். "அப்ப நல்ல மீனுதான்."

தொலைபேசி ஒன்றும் வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஜூன் 5, வியாழன்

கூடு இல்லை. ஆண் பெண்ணை விரட்டிக்கொண்டே இருக்கிறது. யூடியூபில் நான்கு வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்தேன். நான்கும் நான்கு விதமாகச் சொல்கின்றன.

உலகு வெங்காயத்தை முறத்தில் தட்டியபடியே, "நம்ம போர்த் தண்ணி உப்புல்லா. அதுக்குப் பிடிக்கல போல. மழைத் தண்ணி பிடிச்சு ஊத்துவோமா?" என்றாள்.

மழைநீர் பயன்படுத்துவது என்று முடிவு செய்தேன். சாரல் தொடங்கிவிட்டதால் தட்டுப்பாடு இல்லை. தகரக் கொட்டகையின் கீழே உலகு இரண்டு குடம் வைத்தாள். தொட்டியில் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, மேலே ஆகாயத்தாமரை மிதக்க விட்டோம்.

ஜூன் 9, திங்கள்

கூடு! ஆகாயத்தாமரை இலைக்கடியில், சோப்பு நுரை போல, ஆனால் சோப்பு நுரையை விடக் கட்டியாக. திட்டமிட்டு நடத்தினால் நடக்காத வேலை கிடையாது. மீரானுக்குப் படம் அனுப்பினேன். கைதட்டுகிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

ஜூன் 12, வியாழன்

இந்த நாளை விரிவாக எழுத வேண்டும்.

காலை பதினோரு மணிக்குப் பெண் மீன் தானாகவே கூட்டுக்கு அடியில் போய் நின்றது. ஆண் தன் உடம்பை வில்லாக வளைத்து அதை அணைத்தது. இரண்டும் அப்படியே நடுங்கி ஒரு கணம் செத்தது போல நின்றன. பிறகு முட்டைகள். ரவையை விடச் சிறியவை. அவை கீழே விழவில்லை, மேல்நோக்கி மிதந்தன. தப்பிப்போனவற்றை ஆண் ஒவ்வொன்றாக வாயில் எடுத்துக் கூட்டில் கொண்டுபோய் ஒட்டியது. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட தடவை. பெண் களைத்து ஒதுங்கியதும் அதைத் தனியாக வேறு தொட்டிக்கு மாற்றியாயிற்று. முட்டை முந்நூறுக்குக் குறையாது.

(அந்த நேரத்தில் நான் நூலகத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். மேற்கண்ட விவரங்கள் உலகு சொல்லியவை. பெண் மீனை மாற்றியதும் அவள். குழம்புக் கரண்டியால்.)

ஜூன் 13, வெள்ளி

பொரித்துவிட்டன. கூட்டிலிருந்து மயிரிழை போல வால்கள் தொங்குகின்றன. கண்ணாடி போட்டாலும் எனக்கு மங்கலாகத்தான் தெரிகிறது. உலகுவுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

குஞ்சுகள் நீந்தத் தொடங்கின. இனித் தகப்பன் மீனையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தின்றுவிடும் என்று படித்தேன். சொல்வதற்காக ஹாலுக்குப் போனால் அது ஏற்கெனவே பக்கத்துத் தொட்டியில் இருந்தது.

"பசிச்ச பார்வை பாத்துச்சு. அதான் எடுத்துட்டேன்" என்றாள்.

என் உத்தரவும் அவள் செயலும் ஒரே நேரத்தில் அமைந்தன.

ஜூன் 20, வெள்ளி

வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் கலக்கி விடுகிறேன். காலையில் ஒரு வேளை. நன்றாகச் சாப்பிடுகின்றன. வயிறு தெரிகிறது.

மொட்டைமாடியில் சகிக்க முடியாத நாற்றம். உலகு மூன்று பெயிண்ட் வாளியில் முட்டைக்கோஸ் இலையையும் வாழைப்பழத் தோலையும் ஊறப்போட்டு வைத்திருக்கிறாள். கேட்டால், "அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி உண்டாகும். மீரான் பாய் வீட்டம்மா சொன்னா" என்கிறாள். அந்தத் தண்ணீரை ஸ்பூனால் குஞ்சுகளுக்கு விடுகிறாள். மூன்று வேளை. போகட்டும், அவளுக்கும் ஒரு பொழுதுபோக்கு.

ஜூன் 29, ஞாயிறு

சங்கத்து உறுப்பினர்கள் ஏழு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மீரான் குனிந்து தொட்டியைப் பார்த்து, "எம்மாடி! பதினஞ்சு நாளாச்சு, இன்னும் எம்புட்டு நிக்கி பாருங்க!" என்று வாயைப் பிளந்தார். கண்ணாடி மூடிக்கும் தொட்டிக்கும் இடையே துணி சுற்றி இருப்பதைப் பார்த்து, "இதான் விசயம், இதான் விசயம்" என்று வேறு சொன்னார். எது விஷயம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தெரிந்தது போலத் தலையசைத்தேன்.

அரை மணி நேரம் பேசினேன். மழைநீர், கூடு, முட்டை மிதந்த விதம், எல்லாம். ஆசிரியர் ஒருவர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"ஒத்த ஆளா இம்புட்டும் பாத்தியளா சார்? அம்மா கூடமாட ஒத்தாசை செஞ்சிருப்பாவளே?" என்று மீரான் கேட்டார்.

"அவளா? அவளுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்? குழம்பு வைக்கத் தெரியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நகைச்சுவையாகச் சொன்னதுதான். உலகு காபித் தட்டுடன் கதவருகே வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

மிகப் பெருமையான நாள். காபிதான் கொஞ்சம் ஆறிப்போயிருந்தது.

ஜூன் 30, திங்கள்

உலகு ஆழ்வார்குறிச்சிக்குத் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"பத்து நாள் இருந்துட்டு வாரேன்."

"என்ன திடீர்னு?"

"அக்காளப் பாக்கணும் போல இருக்கு."

வாசலில் செருப்பு மாட்டும்போது, "குஞ்சுகளுக்கு மூணு நேரமும்…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "ஒங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவளுக்கும் ஓய்வு வேண்டும்தான். விடுப்பு வழங்கப்பட்டது.

ஜூலை 1, செவ்வாய்

வீட்டைச் சீர்செய்தேன். மாடியிலிருந்த மூன்று வாளி நாற்றத் தண்ணீரையும் சாக்கடையில் கொட்டி, வாளிகளைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். கொசு ஒழிப்புக்காரர்கள் வந்தால் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.

தொட்டியின் மூடியைச் சுற்றியிருந்த துணியையும் எடுத்தேன். மூடியையும். அந்தக் குஞ்சுகளை இந்த உலகு ஏன் இப்படிப் புழுக்கத்தில் வைத்திருக்கிறாளோ. ஜன்னலைத் திறந்து வைத்தேன். குற்றாலத்து மலையிலிருந்து சாரல் காற்று சிலுசிலுவென்று உள்ளே வந்தது. ஊரெல்லாம் காசு கொடுத்து வந்து அனுபவிக்கிற காற்று. அதுகளும் அனுபவிக்கட்டும்.

சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 3, வியாழன்

பத்துப் பன்னிரண்டு குஞ்சு இறந்திருந்தன. இயற்கையான தேர்வு.

ஜூலை 4, வெள்ளி

நிறைய.

ஜூலை 5, சனி

மஞ்சள் கருவை இரண்டு வேளையாக்கினேன். தண்ணீர் கலங்கி நாறுகிறது. காலையில் வடிகட்டியில் அள்ளியபோது வடிகட்டியின் அடி தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

சங்கத்துக் கூட்டம். தலைவலி என்று சொல்லிப் போகவில்லை. மீரான் போன் செய்தார்.

"பிள்ளையெல்லாம் எப்பிடி இருக்கு சார்?"

"நல்லா இருக்கு."

"நாலாவது வாரம் வருது. இனிமேத்தான் அதுகளுக்கு மேல வந்து மூச்சு எடுக்குற உறுப்பு உண்டாவும். அந்த நேரம் குளுந்த காத்துப் பட்டுச்சோ, மொத்தமும் போச்சு. மூடி இறுக்கமாத்தான இருக்கு? நீங்கதான் துணியெல்லாம் சுத்தி வச்சிருக்கியளே. இன்ஃபுசோரியாத் தண்ணி, அதான் அந்த எலை ஊறப்போட்ட பூச்சித் தண்ணி, மூணு நேரமும் விடுதியளா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

எழுந்துபோய் ஜன்னலை மூடினேன். மூடியைப் போட்டேன். துணியைச் சுற்றினேன். அவள் எப்படிச் சுற்றியிருந்தாள் என்று நினைவில்லை. மூன்று தடவை அவிழ்த்துச் சுற்றினேன்.

ஜூலை 7, திங்கள்

காலையில் எண்ணினேன். ஒவ்வொரு மூலையாக, டார்ச் அடித்து. நாற்பத்து நான்கு.

எட்டு மணி பஸ்ஸில் ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன்.

பகவதி மதினி, உலகுவின் அக்கா, முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி. என்ன, மூணு நாள் முந்தியே கூப்பிட வந்துட்டிய?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காபி போடுதேன்" என்று உள்ளே போனார்.

உலகு பின்கட்டில் சிமெண்ட் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அந்த மாடி வாளி மூணையும் நான் கொட்டிட்டேன்" என்றேன். பஸ்ஸில் வரும்போது வேறு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்.

அவள் விருட்டென்று திரும்பினாள். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"மூடி?"

"தொறந்து வச்சேன். சாரல் நல்லா அடிச்சுது. அதுகளும் அனுபவிக்கட்டும்னு…"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எத்தன இருக்கு?"

"நாப்பத்தி நாலு. இன்னிக்குக் காலைல எண்ணுனது."

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த முந்நூறு குஞ்சுக்காக என்று நினைத்து, "மறுபடியும் முட்டை போடும் உலகு" என்றேன்.

"எனக்கு மீனு பெரிசில்ல" என்றாள். "நான் அன்னிக்குக் காபித் தட்டோட நின்னேன். அந்த ஏழு பேர்ல ஒருத்தரும் என்னப் பாக்கல. நீங்க பாத்திய. என் மொகத்தப் பாத்துக்கிட்டேதான் அதச் சொன்னிய."

மதினி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"ஆமா" என்றேன். "பாத்தேன்."

அவள் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் இல்லை என்பேன் என்றே நினைத்திருப்பாள். முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

"அப்புறம் ஏன்?"

"எல்லாரும் நான் பேசுறதக் கேட்டுக்கிட்டிருந்தாங்க உலகு. ஆபீஸ்ல இருந்து ஒருத்தன்கூட இதுவரைக்கும் போன் பண்ணல. ஒருத்தன்கூட. அன்னிக்கு அரை மணி நேரம் ஏழு பேரு கேட்டாங்க. அதுல பங்கு குடுக்க மனசு வரல."

அவள் காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "ஆறிரும், குடிங்க."

அவள் என்னுடன் வரவில்லை. "பத்து நாள்னு சொல்லிட்டு வந்தேன். பத்து நாள் இருப்பேன்" என்றாள். ஆனால் ஒரு பெரிய பாட்டிலைக் கழுவி, சிமெண்ட் தொட்டியில் பச்சை பூத்துக் கிடந்த தண்ணீரை மொண்டு நிரப்பிக் கொடுத்தாள். என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் காட்டி, "எழுதிக்கோங்க" என்றாள்.

எழுதிக்கொண்டேன். காலை ஏழு மணிக்கு மூன்று ஸ்பூன். மதியம் மூன்று. விளக்கு வைக்கிறதுக்கு முன்னால் மூன்று. மஞ்சள் கருவை நிறுத்த வேண்டும், தண்ணீரைக் கெடுப்பது அதுதான். மூடியைத் திறந்தால் கரண்டி போகிற அளவுக்கு மட்டும் திறந்து உடனே மூட வேண்டும். அழுக்கை ஏர் ட்யூபால் உறிஞ்சி எடுக்க வேண்டும், வேகமாகக் கூடாது.

"எவ்வளவு மெதுவா?" என்று கேட்டேன்.

"கொழந்தைக்கு மருந்து குடுக்குற மாதிரி."

நான் எந்தக் குழந்தைக்கும் மருந்து கொடுத்ததில்லை. எங்கள் மகளுக்கு எல்லாம் கொடுத்தது அவள்தான். கேட்கவில்லை. எழுதிக்கொண்டேன்.

பஸ்ஸில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து ஆள், "என்ன கஷாயமா?" என்று கேட்டார்.

திருத்தம்: ஜூன் 29ஆம் தேதிப் பதிவில் "கவனிக்கவில்லை" என்று உள்ளதைக் "கவனித்தேன்" என்று வாசிக்கவும். யார் வாசிக்கப்போகிறார்கள் என்று தெரியாது. இருந்தாலும் பதிவு சரியாக இருக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்று வேளையும் கொடுத்தாயிற்று. இரண்டு இறப்பு.

ஜூலை 9, புதன்

மூன்று வேளையும். ஒன்று. ட்யூபை வாயால் உறிஞ்சும்போது தொட்டித் தண்ணீர் வயிற்றுக்குள் போய்விட்டது.

ஜூலை 10, வியாழன்

உலகு சொன்னபடி வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் தொட்டி முன்னால் போய் நின்றாள். மூடிக் கண்ணாடியின்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். நான் தேர்வு எழுதியவன் போலப் பின்னால் நின்றேன்.

"நாப்பத்தி ஒண்ணா?" என்றாள்.

"நாப்பத்தி ஒண்ணு."

"துணி சுத்துனது நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இதை எழுதும்போதும் அந்த வார்த்தை காதில் இருக்கிறது. பணிக்காலத்தில் எனக்கு இரண்டு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

உலகு, "இங்க வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டாள். கையில் வெங்காயத்தையும் கத்தியையும் கொடுத்தாள். உரித்துக்கொண்டே தொட்டியைப் பார்த்திருந்தோம். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை.

அப்போது ஒரு குஞ்சு, அரை விரல்நகம்கூட இல்லாதது, கீழிருந்து நேராக மேலே வந்தது. மூக்கைத் தண்ணீருக்கு வெளியே நீட்டியது. கடுகை விடச் சிறிய ஒரு காற்றுக்குமிழை விழுங்கிவிட்டுக் கீழே ஓடியது.

"பாத்தியளா?"

பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் நானே பார்த்தேன். பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்து. வெளியே சாரல் தகரக் கொட்டகையின்மேல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே மூடிக்கடியில் வெதுவெதுப்பாக இருந்த கொஞ்சம் காற்றை அதுகள் ஒவ்வொன்றாக வந்து எடுத்துக்கொண்டு போயின.

வெங்காயத்தால் இரண்டு பேருக்குமே கண்ணில் தண்ணீர்.

ஆகஸ்ட் 2, சனி

நாற்பத்தொன்று.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாற்பத்தொன்று. மாடி வாளிகளுக்கு முட்டைக்கோஸ் இலை மாற்றும் பொறுப்பு இப்போது என்னுடையது. நாற்றம் பழகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் பழகவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

உடம்பின் நடுவே கறுப்புக் கோடு எல்லாவற்றுக்கும் விழுந்துவிட்டது. பெரிய குஞ்சு ஒன்றின் முதுகில் முதல் வெள்ளைப் புள்ளி இன்று தெரிந்தது. உலகுதான் கண்டாள். "வாங்க, வாங்க, முத்து வச்சிருச்சு!" என்று அவள் கத்தியதில் குளித்துக்கொண்டிருந்தவன் துண்டோடு ஓடி வந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

திருநெல்வேலியில் அடுத்த மாதம் வண்ணமீன் கண்காட்சி. வீட்டில் பிறந்த மீன்களுக்குத் தனிப் போட்டி. சங்கத்தின் சார்பில் முத்துக் குராமிதான் போக வேண்டும் என்று இன்று கூட்டத்தில் முடிவானது. மீரான் விண்ணப்பத்தை அவரே நிரப்பி வைத்திருந்தார். வளர்த்தவர் பெயர்: திரு. குற்றாலிங்கம், துணை தாசில்தார் (ஓய்வு). அழகான கையெழுத்து.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா கையெழுத்துப் போட்டால் போதும். எத்தனையோ ஆயிரம் போட்ட கைதான்.

எழுந்து நின்றேன். "ஜூன் இருபத்தொன்பது அன்னிக்கு என் வீட்டுல உங்க ஏழு பேர்கிட்டயும் நான் சொன்னது தப்பு" என்றேன். "மழைத் தண்ணி என் மனைவி யோசனை. முட்டை போட்டப்ப நான் வீட்டுலயே இல்ல. தீனித் தண்ணி அவ உண்டாக்குனது, மூடிக்குத் துணி சுத்துனது அவ. அவ பத்து நாள் ஊருக்குப் போனா. அந்த நேரத்துல தீனித் தண்ணியச் சாக்கடைல கொட்டினவன் நான். சாரல் காத்து வரட்டும்னு மூடியத் தொறந்து வச்சவனும் நான். முந்நூறு இருந்தது. நாப்பத்தி ஒண்ணு மிஞ்சுச்சு. அந்த நாப்பத்தி ஒண்ணும் அவ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டு வந்து செஞ்சதால பொழச்சது."

யாரும் சிரிக்கவில்லை. அன்று குறிப்பெடுத்த ஆசிரியர் மட்டும், "அதுக்கென்ன சார், வீட்டுக்கு ஒரு பேருதான, ஒங்க பேர்லயே இருக்கட்டுமே" என்றார்.

"இருக்கக் கூடாது" என்றேன். குரல் கொஞ்சம் அலுவலகக் குரலாக வந்துவிட்டது.

பேனாவை வாங்கி என் பெயரை அடித்துவிட்டு எழுதினேன்: திருமதி உ. உலகம்மாள். அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். இல்லாவிட்டால் செல்லாது.

வீட்டில் கூட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விண்ணப்பம் போயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

விடியற்காலையில் கிளம்பினோம். பன்னிரண்டு குஞ்சுகளும் தாய் தகப்பனும் ஆக்சிஜன் அடைத்த பைகளில், தெர்மகோல் பெட்டிக்குள். உலகு மயில்கழுத்து நிறப் பட்டு உடுத்தியிருந்தாள். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன்.

கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள். நாகர்கோவில், மதுரை, கோவில்பட்டி என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். எங்கள் தொட்டிமேல் உலகுவின் பெயர் அச்சடித்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏர் பம்பைச் சரிபார்ப்பதில் முனைப்பாக இருந்தேன்.

நடுவர் ஜெபராணி அம்மா, மீன்வளத்துறையில் முப்பது வருடம் இருந்தவராம், ஒவ்வொரு தொட்டியாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். எங்களிடம் வந்ததும் பழக்கதோஷத்தில் எல்லோரையும் போல என்னைப் பார்த்து, "நாலாவது வாரத்தை எப்படித் தாண்டினீங்க?" என்று கேட்டார்.

நான் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றேன்.

உலகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "காத்தக் கெட்டியா மூடி வச்சோம்மா. தண்ணி எம்புட்டுச் சூடோ மேல இருக்க காத்தும் அம்புட்டுச் சூடு இருக்கணும். கண்ணாடில உள்ளுக்குள்ள முத்து முத்தா வேர்த்திருந்தா சரின்னு அர்த்தம். வேர்க்கலன்னா எங்கயோ இடைவெளி இருக்கு."

"இதை எங்க படிச்சீங்க?"

"படிக்கலம்மா. உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஜெபராணி அம்மா உடனே நகரவில்லை. தாளில் எதையோ எழுதினார். பிறகு தன் கூட வந்த இரண்டு மாணவிகளையும் கூப்பிட்டு, "அம்மா சொல்றதக் கேட்டு எழுதிக்கோங்க" என்றார். அவர்கள் கேட்கக் கேட்க உலகு சொல்லிக்கொண்டே போனாள். கால்மணி நேரம். நான் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய எந்தக் கால்மணி நேரத்திலும் இத்தனை பெருமை எனக்கு இருந்ததில்லை.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு மதுரைக்காரர் ஒருவரின் ஃபைட்டர் மீன்களுக்குப் போனது. நியாயமான முடிவு, நானே பார்த்தேன், அழகான மீன்கள். மேடையில் உலகுவின் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தபோது மீரான் விசில் அடித்தார். நானும் முயற்சி செய்தேன். காற்றுதான் வந்தது.

சாயங்காலம் தென்காசி பஸ். இரண்டு பேர் சீட். உலகு ஜன்னலோரம். மீன் பெட்டி காலடியில். பஸ் டவுனைத் தாண்டிய பிறகு அவள் சொன்னாள்:

"மீரான் பாய் வீட்டம்மா எல்லாம் சொன்னா."

"என்ன சொன்னா?"

"வாளியக் கொட்டுனதும் மூடியத் தொறந்ததும் நீங்கதான்னு கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னியளாமே."

"ஆமா."

"அத எதுக்குச் சொன்னிய?" கோபம்தான் அது. "என் பேரப் போட்டிய, சரி. அத எதுக்குச் சொல்லணும்? நான் எங்கக்காகிட்டகூடச் சொல்லல. காபி கொண்டாந்தாள்லா, அப்பக் காதுல விழுந்திருக்குமோன்னு நாந்தான் அவகிட்ட, தண்ணி கெட்டுப்போயி செத்துப்போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

மூன்று மாதமாக இவள் என் மானத்தைத் தனியாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதை மேடை போட்டு உடைத்திருக்கிறேன். உடைத்ததில் வருத்தமும் இல்லை.

"அதக் குடு" என்று அவள் கையிலிருந்த கேடயத்தை வாங்கி என் மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டேன், பெயர் பொறித்த பக்கம் வெளியே தெரியும்படியாக. அவள் "என்னங்க இது, எல்லாரும் பாக்காவ" என்றாள். பார்க்கட்டும்.

ஆலங்குளத்தில் ஏறிய ஒருவர் சீட் கிடைக்காமல் எங்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குனிந்து கேடயத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். "உ… உலகம்மாள். யாரு சார் இது?"

"இவங்கதான்" என்றேன், அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டு.